ஊற்றுக்காகக் கூடினோம்: உங்கள் ஊர்க் கூட்டங்களில் என்ன நடந்தது?

கோத்தகிரி, தேயிலை விவசாயி

கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படகர் கிராமம்) ஒன்றிலிருந்து எழுதுகிறேன். ஊருக்குக் கீழே, தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. அதில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. அதற்காக மூன்று முறை கூட்டம் போட்டோம். முதல் இரண்டும் உருப்படவில்லை. மூன்றாவது எப்படிப் பிடித்துக்கொண்டது என்று சொல்கிறேன். உங்கள் ஊர்க் கதையையும் எழுதுங்கள்.

முதலாவது மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபை. நீர்நிலைகளைப் பாதுகாப்பது என்று தீர்மானம் வாசித்தார்கள், எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். எந்த நீர்நிலை, யார் பார்த்துக்கொள்வது, எப்போது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் இலை பறிக்கிற பெண்கள் எப்படி வருவார்கள்? சரி என்று இரண்டாவதை நாங்களே மாலையில் வைத்தோம். அன்று இலை வண்டி வரத் தாமதம். எடை போட்டுவிட்டு ஆட்கள் வந்து உட்காரும்போதே இருட்டிவிட்டது. கரடி நடமாட்டம் இருந்த சமயம் என்பதால் பாதிப் பேச்சில் எழுந்து போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாவது கூட்டத்துக்கு இடம் சொன்னது ஊற்றுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு பாட்டி. "எனக்கு முட்டி வலி, மேட்டுக்கு ஏறி கூடத்துக்கு வர முடியாது. கீழேயே வைங்க, வரேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் இறங்கிப் போனோம்.

பாட்டி யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கொண்டுவந்த பித்தளைக் குடத்தைக் குழாய்க்கடியில் வைத்தார். தண்ணீர் சுண்டுவிரல் கனத்துக்கு விழுந்தது. நாங்கள் சுற்றி நின்றோம். குடத்தின் கழுத்துக்கு வருவதற்குள் ஒருவர் பீடி பிடித்து முடித்துவிட்டார், குழந்தைகள் பொறுமையிழந்து தோட்டத்துக்குள் ஓடிவிட்டார்கள். "நான் கல்யாணமாகி வந்த புதுசுல, ஒரு குடத்தை வச்சிட்டு அடுத்த குடத்தைக் கழுவறதுக்குள்ள நிறைஞ்சிடும்" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. அதற்குப் பிறகு யாரும் தீர்மானம் எழுதலாம் என்று ஆரம்பிக்கவில்லை. எல்லோரும் அண்ணாந்து மேலே சரிவைப் பார்த்தோம். முழுக்க சீகை மரம். வாட்டில் என்பார்களே, வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே பரவிய மரம். தண்ணீர் குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று எங்கள் சந்தேகம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கோத்தகிரியை ஒட்டி லாங்வுட் சோலை இருக்கிறது. சோலை என்றால் இந்த மலைக்கே உரிய பசுமைக்காடு. மொத்தமே 116 ஹெக்டேர். சுற்றியுள்ள பல ஊர்களுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான். 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. பட்டியலுக்கெல்லாம் முன்பே, உள்ளூர்க்காரர்கள் பல வருஷம் காவல் இருந்து காப்பாற்றிய காடு அது. கூட்டத்துக்கு முந்தின வாரம் எங்கள் பையன்கள் சிலரை அங்கே கூட்டிப் போயிருந்தேன். கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும், இலைமக்கைக் கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் கசியும். எங்கள் சீகைச் சரிவில் மண்வெட்டியைப் போட்டால் டங்கென்று சத்தம்தான் வரும். அந்தப் பையன்கள்தான் அன்று முதலில் வாய் திறந்தார்கள்.

அப்புறம் சண்டை. மொத்த சீகையையும் வெட்டிவிடலாம் என்று ஒரு கூட்டம். "வெட்டிட்டா அடுப்புக்கு விறகு எங்க?" என்று பெண்கள். கீழே தோட்டம் வைத்திருப்பவருக்கோ வேறு பயம். எங்கள் பக்கம் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்ததை யாரும் மறக்கவில்லை. வேரையெல்லாம் ஒரே நேரத்தில் எடுத்தால் சரிவு நிற்குமா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. தவிர, சொந்த நிலமாகவே இருந்தாலும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்காமல் வெட்ட முடியாது.

கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொண்டது இதுதான்: பெரிய மரத்தை இப்போதைக்குத் தொடுவதில்லை, அனுமதிக்கு மனுப் போடுவோம், அதுவரை கன்றுகளைப் பிடுங்குவோம். சீகை விதை மண்ணுக்குள் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும், வெட்டியோ எரித்தோ விட்டால் வெளிச்சமும் சூடும் பட்டு ஒன்றுக்கு நூறாக முளைக்கும். அதனால் வெட்டுவதைவிடப் பிடுங்குவதுதான் நீண்ட வேலை. மழை பெய்த மறுநாள் போனால் வேரோடு வந்துவிடும். மண் காய்ந்த பிறகு போனால் தண்டு ஒடியும், மறுபடி துளிர்க்கும்.

பந்தலூர் பக்கம், ஆசிரியை

அண்ணா, உங்கள் பாட்டியைப் படித்ததும் எங்கள் ஊர்ப் பெரியவர் ஞாபகத்துக்கு வந்தார். இங்கே எங்களுக்கு சீகை இல்லை, காட்டில் புல்லை வளரவிடாமல் பரவும் உன்னிச்செடியும் (லன்டானா) மஞ்சள் கொன்றையும்தான் தொல்லை. பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளை ஒட்டி, அந்தச் செடிகளை எடுப்பது பற்றி ஒரு கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் படம் போட்டு விளக்கினார்கள். காட்டைத் தெரிந்தவர்கள் எல்லோரும் பின்வரிசையில், சுவரோரம் நின்றார்கள். அவர்களை யாரும் முன்னால் கூப்பிடவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது, நானும்தானே முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

பேச்சு முடிந்து டீ குடிக்கும்போது ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "டீச்சர், செடியை எடுத்துட்டாங்க சரி, அந்த இடத்துல புல்லு வந்துச்சான்னு யாராச்சும் போய்ப் பாத்தாங்களா?" என்றார். மறுநாள் அவரோடு நடந்தேன். எடுத்த இடத்தில் உன்னி மறுபடி முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. மேலோடு வெட்டியிருந்தார்கள், அடிவேர் அப்படியே இருந்தது. வேரை மண்ணுக்குக் கீழே வெட்டி, செடியைத் தலைகீழாகப் போட வேண்டும் என்று அவரே செய்து காட்டினார். புல் வந்தால்தான் மான் வரும், காட்டெருமை வரும். இல்லாவிட்டால் அதுகள் எங்கே மேயும்?

இந்த உன்னித் தண்டைக் கொண்டு ஆள் உயரத்துக்கு மேல் யானைகள் செய்து 2021-இல் லண்டன் பூங்காக்களில் நிறுத்தினார்கள். செய்தவர்கள் எங்கள் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள். அதைச் சொல்லும்போது எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

குன்னூர், கடை வைத்திருப்பவர்

எங்களுடையது வியாபாரிகள் கூட்டம், சுருக்கமாகச் சொல்கிறேன். காலி மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் திரும்பத் தரும் திட்டம் 2022-இல் நீலகிரியில் வந்தபோது, இது நடக்கிற காரியமா என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். காட்டோரம் உடைந்த பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்பதால் உயர் நீதிமன்றம் சொல்லி வந்த திட்டம். இன்று என் கடைக்கு எதிரே ஒரு பாட்டில் ஓடையில் விழுவதற்குள் யாராவது பொறுக்கிவிடுகிறார்கள். உபதேசத்துக்குக் குனியாதவர்கள் பத்து ரூபாய்க்குக் குனிகிறார்கள், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பாட்டில் காட்டுக்குள் போகவில்லையே. குடிநீர் பாட்டிலுக்கு இங்கே தடை இருந்தும் சுற்றுலா வண்டிகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதைத்தான் பேசப் போகிறோம்.

பந்தலூர் பக்கம், ஆசிரியை

கோத்தகிரி அண்ணா, விறகு விஷயம் என்ன ஆயிற்று? அதைப் பாதியில் விட்டுவிட்டீர்களே.

கோத்தகிரி, தேயிலை விவசாயி

மன்னிக்கணும் டீச்சர். இன்னும் முழுதாக முடியவில்லை. பெரிய மரத்துக்கு அனுமதி வரவில்லை. கட்டைவிரல் கனத்துக்கு வளர்ந்துவிட்ட சீகைக் கன்றுகளைப் பிடுங்குகிறவர்களே விறகுக்கு எடுத்துக்கொள்ளலாம், வாரத்துக்கு இரண்டு வீடு என்று முறை வைத்திருக்கிறோம். போதாதுதான். சிலிண்டர் இருந்தும் வெந்நீருக்கு விறகுதான் எரிக்கிறோம், இந்தக் குளிரில் என்ன செய்வது?

பிடுங்கிய இடத்தில் நாவல் வகைக் கன்றுகளும் தவிட்டுப்பழமும் நட்டிருக்கிறோம். சோலை மரம் மெதுவாகத்தான் வளரும். நட்டதில் சிலவற்றைக் காட்டெருமை மிதித்துவிட்டது, அந்த இடத்தில் மறுபடி வைத்தோம். தண்ணீர் கூடியிருக்கிறதா என்று கேட்பீர்கள். இப்போதே சொல்ல முடியாது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பாட்டி அதே குடத்தை வைக்கிறார், என் பையன் கைப்பேசியில் நேரம் பார்த்து, அவர் வீட்டுச் சுவரில் கரியால் எழுதுகிறான். போன மாதம் எழுதியது மழைச் சாரலில் அழிந்துவிட்டது. இந்த மாதத்திலிருந்து திண்ணைக்கு உள்பக்கச் சுவரில் எழுதச் சொல்லியிருக்கிறார்.