சமுராய் வரலாறு: எந்தப் படத்திலை தொடங்கி எந்தப் புத்தகத்துக்குப் போறது?

வடலி:
வணக்கம். சமுராய்களைப் பற்றி ஒழுங்கா அறிய விருப்பம். 'த லாஸ்ற் சமுராய்' பார்த்தாச்சு, அனிமேயும் கொஞ்சம். எது வரலாறு, எது கற்பனை எண்டு பிரிக்கத் தெரியேல்லை. முதலிலை நிதோபேயின்ரை 'புஷிதோ'வை வாசி எண்டுதான் கனபேர் சொல்லினம். அதிலை தொடங்கலாமோ? ஆங்கிலம் வாசிப்பன், ஜப்பானிய மொழி தெரியாது. நாலைஞ்சு படம், இரண்டு மூண்டு புத்தகம் போதும்.

ஒற்றைப்பனை:
'புஷிதோ'வைக் கடைசிக்கு வையுங்கோ. 1900ஆம் ஆண்டு, மேற்கு நாட்டு ஆக்களுக்கு விளக்கவெண்டு ஆங்கிலத்திலை எழுதின புத்தகம் அது. சமுராய் இடுப்பிலை வாள் கட்டுறதுக்குத் தடை வந்தது 1876இலை, அதாவது புத்தகம் வரேக்கை சமுராய் எண்டொரு வகுப்பே இல்லை. அதை முதல் வாசிச்சால், பிறகு பார்க்கிற ஒவ்வொரு படத்திலையும் அந்த ஒழுக்கப் பட்டியலைத்தான் தேடுவியள்.

படம் வெளிவந்த ஆண்டைப் பாராமல், கதை நடக்கிற ஆண்டைப் பாருங்கோ. மூண்டு ஆண்டு பாடமா இருந்தால் காணும்: 1600 செக்கிகஹாரா சண்டை (தொகுகவா குடும்பம் வெண்டது), 1615 ஒசாக்கா கோட்டை விழுந்தது (அவையின்ரை கடைசிப் பெரிய எதிரி ஒழிஞ்சது), 1868 மெய்ஜி மாற்றம் (அவையின்ரை ஆட்சி போய்ச் சக்கரவர்த்தியின்ரை ஆட்சி வந்தது). 1615க்கு முன்னம் நடக்கிற கதையிலை சமுராய் போர்வீரன். அதுக்குப் பிறகு 250 வருசம் சண்டையே இல்லை. அவன் பிரபுவிட்டைச் சம்பளம் வாங்கிற கந்தோர் உத்தியோகத்தன்.

முதல் படம் குரோசாவாவின்ரை 'ஏழு சமுராய்' (1954). எடுக்க முன்னம் நீளத்தைப் பாருங்கோ: முழுப்படம் 207 நிமிசம். வெளிநாட்டுக்கெண்டு வெட்டின பிரதியும் இருக்கு. அதிலை ஆள் சேர்க்கிற பகுதிகளே குறைஞ்சுபோகும்.

அதிலை ஒரு இடத்தை நிப்பாட்டிப் பாருங்கோ. ஏழு பேரிலை ஒருத்தனான கிக்குச்சியோ தன்னைச் சமுராய் எண்டு காட்ட ஒரு வம்சாவளிச் சுருளை நீட்டுவான். அதிலை இருக்கிற பிறந்த ஆண்டு தென்ஷோ 2, எங்கடை கணக்கிலை 1574. அப்பிடியெண்டால் உனக்கு இப்ப 13 வயசோ எண்டு மற்றவை சிரிப்பினம். அந்தப் பகிடியிலைதான் கதை நடக்கிற ஆண்டு பிடிபடுது: 1586 (அங்கை அப்ப பிறந்த உடனேயே ஒரு வயசு எண்டுதான் கணக்கு). இரண்டு வருசம் கழிச்சு, 1588இலை, அப்ப ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி கமக்காரரிட்டை இருந்த ஆயுதம் முழுக்கப் பறிக்கச் சொல்லிக் கட்டளை போட்டார். கமக்காரன் பெத்த பிள்ளை வாளைத் தூக்கிக்கொண்டு தானும் சமுராய் எண்டு திரியக்கூடிய கடைசிக் காலம் அது. கிக்குச்சியோவின்ரை கோபம் முழுக்க இதுக்குள்ளைதான் இருக்கு.

இன்னொண்டு (படம் பார்க்காதவை இந்த வரியைத் தாண்டுங்கோ): செத்த நாலு சமுராயும் துவக்குச் சூட்டிலைதான் சாகினம். வாள் வித்தையிலை ஆகத் திறமான கியூசோவும் அப்பிடித்தான்.

தாழையடி:
அடுத்தது கோபயாஷியின்ரை 'ஹராகிரி' (1962), அதுக்குப் பிறகு யமடாவின்ரை 'த ருவைலைற் சமுராய்' (2002). இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கோ. இரண்டிலையும் ஒரு வாளுறைக்குள்ளை மூங்கில் இருக்கும். ஏன் எண்டதை விளங்க அரிசிக் கணக்குத் தெரியவேணும்.

சமுராயின்ரை சம்பளத்தை 'கோக்கு' எண்ட அளவிலை சொல்லுவினம். ஒரு கோக்கு கிட்டத்தட்ட 180 லீற்றர், நிறுத்தால் 150 கிலோ அளவிலை அரிசி. ஒரு ஆளுக்கு ஒரு வருசச் சாப்பாடு எண்டது கணக்கு. 10,000 கோக்குக்குக் குறையாத நிலம் இருந்தால்தான் பிரபு. யமடாவின்ரை படத்திலை கதாநாயகன் செய்பேயுக்கு 50 கோக்கு. வயசுபோன தாய், இரண்டு பெட்டைப்பிள்ளையள், கடன் வேறை. இரவிலை வீட்டிலை இருந்து பூச்சிக்கூடு பின்னி விக்கிறான். வருமானம் அரிசியிலை, செலவு காசிலை. அரிசி விலை விழுந்தால் சமுராய் கடனாளி. முதலிலை விக்கக்கூடிய விலையுள்ள சாமான் வாள்தான்.

'ஹராகிரி' நடக்கிறது 1630இலை. ஃபுக்குஷிமா பிரபு, அனுமதி எடுக்காமல் ஹிரோஷிமாக் கோட்டையைத் திருத்தினார் எண்டு 1619இலை அவற்றை நாட்டைப் பறிச்சினம். அவரை நம்பியிருந்த சமுராய்கள் ஒரே நாளிலை எசமான் இல்லாத ரோனின் ஆனவை. படத்தின்ரை கதாநாயகன் அவையிலை ஒருத்தன். 1619 எங்களுக்கும் மறக்கேலாத ஆண்டு, இரண்டாம் சங்கிலியின்ரை அரசு விழுந்த ஆண்டு. படத்தின்ரை தொடக்கத்திலை, கதை நடக்கிற பிரபுவின்ரை மாளிகையிலை வைச்சிருக்கிற வெறுங்கவசத்தை மனசிலை வைச்சிருங்கோ, முடிவிலை திரும்ப வரும்.

குருநகர்க்காத்து:
ஒற்றைப்பனை அண்ணை சொன்னதிலை ஒரு திருத்தம். 250 வருசம் சண்டையே இல்லை எண்டேலாது. 1637-38இலை ஷிமபாராவிலை கமக்காரரும் கிறிஸ்தவரும் எழும்பிச்சினம். அதுக்குப் பிறகு 1639இலை போர்த்துக்கேயக் கப்பல் வரத் தடை. இந்தப் பக்கத்தை அறிய எந்தோவின்ரை 'சைலன்ஸ்' நாவல் (1966) இருக்கு. 2016இலை படமாயும் வந்தது.

யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இது கிட்டத்துக் கதை. 1543இலை தனெகாஷிமாத் தீவுக்குத் துவக்கைக் கொண்டுபோனவையும், 1619இலை இஞ்சை பிடிச்சவையும் அதே போர்த்துக்கேயர். 1544இலை மன்னாரிலை முதலாம் சங்கிலி மன்னன் வெட்டுவிச்ச சனம் சவேரியார் அனுப்பின குருவிட்டை ஞானஸ்நானம் எடுத்தவை. அதே சவேரியார் 1549இலை ககோஷிமாவிலை இறங்கினார்.

வாளைப் பார்த்தும் காலத்தைப் பிடிக்கலாம். கூர் கீழை பார்க்க இடுப்பிலை தொங்கினால் அது தாச்சி, பழைய குதிரைவீரன்ரை வாள். கூர் மேலை பார்க்க இடுப்புத் துணிக்குள்ளை செருகினால் கதானா. அதைவிட, தொடக்கத்திலை சமுராயின்ரை முதல் ஆயுதமே வில்லுத்தான்.

வடலி:
நன்றி, எல்லாருக்கும். 'ஹகாகுரே' வாசிக்கலாமோ? சாவைப் பற்றின வரியள் எல்லா இடமும் ஓடுது.

ஒற்றைப்பனை:
ஷிமபாராவை விட்டது என்ரை பிழைதான்.

'ஹகாகுரே' வாசிக்கலாம், ஆனால் ஆரு சொன்னது எண்டு தெரிஞ்சுகொண்டு. யமமோதோ ட்சுனெதோமோ ஒரு போரும் காணாதவர். 1700இலை அவற்றை பிரபு செத்தபோது கூடச் சாக விரும்பினார். உடன்சாவுக்கு 1663இலையிருந்து தடை எண்டபடியால் துறவியாப் போனார். பிறகு 1709இலையிருந்து 1716 வரை அவர் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதினது அது. பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனோடை வடக்கிருந்தது உடனை ஞாபகம் வரும். ஆனால் அது நட்பு. இது எசமானுக்கும் சம்பளக்காரனுக்கும் உள்ள உறவு. இரண்டையும் ஒண்டாக்காதேங்கோ.

அதோடை கட்டாயம் வாசிக்கவேண்டியது 'முசூயின்ரை கதை'. கட்சு கோக்கிச்சி எண்ட கீழ்நிலைச் சமுராய் 1843இலை, தன்னைப்போலை வராதேங்கோ எண்டு பிள்ளையளுக்கு எழுதி வைச்சது. வீட்டை விட்டு ஓடினது, பிச்சை எடுத்தது, அடிபாடு, கடன், எல்லாம் இருக்கு. ஆங்கிலத்திலை மெல்லிய புத்தகம்.

வாள்வீரன் முசாஷியின்ரை 'ஐந்து வளையங்கள்' வாள் பழகிறவனுக்கு எழுதின கைநூல். கையிலை வாள் பிடிக்காதவனுக்கு அதிலை பாதி விளங்காது, இப்ப விடுங்கோ.

தேடேக்கை பேரிலை கவனம்: ஜப்பானியர் குடும்பப் பேரை முதல் எழுதுவினம், ஆங்கில அட்டையிலை அது மாறும். 'ஹராகிரி' ஜப்பானிலை வந்த பேர் 'செப்புக்கு'. அதே இரண்டு எழுத்தைத் திருப்பிப் போட்டது.

எல்லாம் முடிச்சு 'த லாஸ்ற் சமுராய்'க்குத் திரும்பிப் போங்கோ. அது 1877 சத்சுமாக் கிளர்ச்சியைத் தழுவினது. உண்மையிலை கிளர்ச்சித் தலைவர் சைகோவின்ரை ஆக்களிட்டைத் துவக்கும் பீரங்கியும் இருந்தது.