மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன, திரையில் மட்டும் 'நிலை தெரியவில்லை'

வணக்கம். கேவிஎம் (ஒரே சர்வருக்குள் மென்பொருள் வடிவில் பல கணினிகளை, அதாவது மெய்நிகர் கணினிகளை, ஓட்டும் லினக்ஸ் வசதி) கொண்டு இயங்கும் மூன்று லினக்ஸ் சர்வர்களை ஒரே மேலாண்மை மென்பொருளின் கீழ் வைத்திருக்கிறேன். நேற்று முன்தினம் இரவிலிருந்து, இரண்டாவது சர்வரில் உள்ள ஏழு மெய்நிகர் கணினிகளுக்கும் அம்மென்பொருளின் திரையில் சாம்பல் நிறக் கேள்விக்குறியும் 'நிலை தெரியவில்லை' என்ற வரியும் மட்டுமே வருகின்றன.

அவற்றில் ஆறு உண்மையில் நன்றாகவே ஓடுகின்றன; எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணையும் முறை) வழியாக உள்ளே நுழைய முடிகிறது, சர்வரில் நேரடியாக, கணினிகளைப் பட்டியலிடும் 'விர்ஷ் லிஸ்ட்' கட்டளை கொடுத்தாலும் 'ரன்னிங்' என்றே பதில் வருகிறது. ஏழாவது மட்டும் 'பாஸ்டு' (இடைநிறுத்தம்) நிலையில் இருந்தது. ஒரு கணினியின் நிலையைச் சொல்லும் 'டொம்ஸ்டேட்' கட்டளையில் காரணத்தையும் சேர்த்துக் கேட்டபோது ஐ/ஓ பிழை (வட்டில் படிப்பதில் அல்லது எழுதுவதில் பிழை) என்றது. பார்த்தால், மெய்நிகர் கணினிகளின் வட்டுக் கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷன் (வட்டுப் பகுதி) 100 சதவீதம் நிரம்பியிருந்தது. எழுத இடமில்லாதபோது கணினியை அப்படியே நிறுத்தி வைப்பது க்யூஇஎம்யுவின் (கேவிஎம்முடன் சேர்ந்து மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) இயல்பு என்பதால், பழைய பேக்கப் கோப்புகளை அகற்றிவிட்டு 'ரெஸ்யூம்' கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

ஆனால் கேள்விக்குறி மாறவில்லை. நிலையைத் திரட்டி அந்த மேலாண்மை மென்பொருளுக்கு அனுப்பும் ஏஜென்ட் (பின்னணியில் ஓடும் சிறு நிரல்) 'ஆக்டிவ்' என்று காட்டினாலும் (இந்தச் சொல்லை நம்பி ஒரு மணி நேரம் வீணடித்தேன்), அதன் லாக் அன்றிரவு 11.42 மணியோடு நின்றுவிட்டது. வட்டு நிரம்பியபோது பாதி எழுதப்பட்ட ஏதோ ஒரு கோப்பில் அது சிக்கியிருக்கலாம் என்பது என் ஊகம். சர்வர்களின் நேரமும், இணைப்பைச் சரிபார்க்கும் சான்றிதழின் காலாவதித் தேதியும் சரியாகவே உள்ளன.

ஏஜென்ட்டை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதுமா, அல்லது அதன் தற்காலிகக் கோப்புகளையும் முதலில் நீக்க வேண்டுமா? ஓடிக்கொண்டிருக்கும் ஆறு கணினிகளையும் நிறுத்த இயலாத நிலையில் இருக்கிறேன். இதே சிக்கலைச் சரிசெய்தவர்கள், எந்த வரிசையில் செய்தீர்கள் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.