மலையேற்றத்தில் கியர்பாக்ஸ் சூடு: கூலர் மாட்டுவதா, கியரைக் குறைப்பதா?

டென்வர்வாசி:
அமெரிக்காவின் கொலராடோவில், கிராண்ட் ஜங்ஷனிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் டென்வர் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். பிக்கப்பின் பின்னால் 7,000 பவுண்டு கேம்பிங் டிரெய்லர். சில்வர்த்தோர்ன் தாண்டி, 11,000 அடி உயரத்திலுள்ள ஐசன்ஹோவர் சுரங்கம் வரைக்கும் ஒரே ஏற்றம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் 195இலிருந்து 238 டிகிரிக்குப் போய்விட்டது (எல்லாம் ஃபாரன்ஹீட்). கூடுதலாக ஓர் ஆயில் கூலர் மாட்டலாம் என்றிருக்கிறேன். எந்த வகை நல்லது?

ஆயில்கேன்:
யோசிக்கவே வேண்டாம், மாட்டுங்கள். தட்டுத் தட்டாக அடுக்கிய வகையாகப் பாருங்கள். குழாயை வளைத்துச் செய்த மலிவுச் சரக்கு வேண்டாம். 200ஐத் தாண்டினால் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகளின் கணக்கு. அச்சுப் பிசகாத விதியல்ல, ஆனால் அலட்சியப்படுத்தவும் முடியாது. 260ஐ நெருங்கினால் ரப்பர் சீல்கள் இறுகத் தொடங்கும்.

மூன்றாம்கியர்:
அடுப்பை அணைக்காமல் விசிறி வாங்கச் சொல்கிறீர்கள். டென்வர்வாசி, எந்த கியரில், என்ன வேகத்தில் ஏறினீர்கள்?

டென்வர்வாசி:
டி-யில்தான் (வண்டியே கியரை மாற்றிக்கொள்ளும் டிரைவ் நிலை), மணிக்கு 60 மைலில். நான்குக்கும் ஐந்துக்கும் இடையே ஓயாமல் மாறிக்கொண்டிருந்தது.

மூன்றாம்கியர்:
நோய் அதுதான். சூடு பெரும்பாலும் பிறப்பது டார்க் கன்வெர்ட்டரில், அதாவது எஞ்சினின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகத்தில். அதன் இரு பக்கத்தையும் நேராகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் பிடித்திருந்தால் வழுக்கல் இல்லை, சூடும் குறைவு. கியர் தடுமாறும்போதெல்லாம் அது விட்டுவிடும். எஞ்சினின் உழைப்பில் ஒரு பங்கு ஆயிலைக் கடைந்தே வீணாகும். பாரம் இழுப்பதற்கான டோ/ஹால் பொத்தானை அழுத்தி, மூன்றாவது கியரில் நிறுத்தி, 45 மைலில் ஏறுங்கள். எஞ்சின் இரைவதைக் கேட்டு பயப்படாதீர்கள். சுற்று ஏறினால் ஆயில் பம்ப்பும் வாட்டர் பம்ப்பும் சேர்ந்தே வேகமாக ஓடும்.

ஆயில்கேன்:
விடுமுறைக் கூட்டத்தில் 45இல் ஊர்ந்தால் பின்னால் வருகிறவர்கள் வாழ்த்துவார்களா?

மூன்றாம்கியர்:
லாரிகள் ஊரும் வலது தடத்தில் போனால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இழுவைத் திறனை அளக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த ஜே2807 சோதனையே அரிசோனாவின் டேவிஸ் டாம் ஏற்றத்தை அடிப்படையாகக் கொண்டதுதான்: 11.4 மைல், 100 டிகிரி வெயில், ஏசி முழுவேகத்தில். அதில் சாதாரண பிக்கப் 40 மைலுக்குக் கீழே இறங்காமல் இருந்தால் போதும்.

பழையபிக்கப்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். என் முந்தைய வண்டியில் ரேடியேட்டருக்குள் இருந்த ஆயில் கூலர் உள்ளுக்குள்ளேயே கசிந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கியர்பாக்ஸில் கலந்துவிட்டது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினால் ரோஸ்மில்க் போல நுரை. கியர்பாக்ஸ் போயே போய்விட்டது. அன்றிலிருந்து ரேடியேட்டரை அடியோடு தவிர்த்து, வெளிக் கூலர் மட்டும்தான்.

ஆயில்கேன்:
இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டென்வர் குளிரில் ஆயில் கெட்டியாகவே கிடக்கும். அதைச் சூடேற்றிக் கொடுப்பதும் ரேடியேட்டர்தான். முதலில் ரேடியேட்டர், பிறகு வெளிக் கூலர், அங்கிருந்து கியர்பாக்ஸ். இந்த வரிசைதான் சரி. ரேடியேட்டர் பழசானால் மாற்றிவிடுங்கள், அவ்வளவுதான். இன்னொன்று: உச்சியில் நிறுத்தினால் உடனே எஞ்சினை அணைக்காதீர்கள். டி-யில் பிரேக்கை மிதித்தபடி நின்றாலும் கன்வெர்ட்டர் சூடேற்றிக்கொண்டே இருக்கும். பார்க்கில் போட்டுச் சில நிமிடங்கள் ஓட விடுங்கள்.

டென்வர்வாசி:
சனிக்கிழமை அதே டிரெய்லருடன் அதே ஏற்றம். மூன்றாவது கியர், 45 மைல். 214ஐத் தாண்டவில்லை, மூன்றாம்கியருக்கு நன்றி. ஆனால் வீட்டுக்கு வந்து, சரிவான டிரைவ்வேயில் டிரெய்லரை ரிவர்ஸில் ஏற்றினேன். இம்மி இம்மியாக, முன்னும் பின்னுமாக ஐந்து நிமிடம். முள் 231இல் நிற்கிறது!

ஆயில்கேன்:
கூலர்.

மூன்றாம்கியர்:
அவசரப்படாதீர்கள். அந்த வேகத்தில் லாக்கப் பிடிக்காது, வழுக்கத்தான் செய்யும். 4-லோவில் (நான்கு சக்கர இழுவையின் தாழ்ந்த கியர்) போட்டால் கன்வெர்ட்டருக்குச் சுமை குறையும். நேராக எடுக்கும்போது மட்டும். காய்ந்த சிமென்ட் தரையில் 4-லோவில் ஸ்டீயரிங்கை ஒடிக்காதீர்கள்.

டென்வர்வாசி:
என்னுடையது பின்சக்கர இழுவை மட்டும்தான். 4-லோ கிடையாது.

ஆயில்கேன்:
கூலர்.

மூன்றாம்கியர்:
சரி, மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் மூன்றாவது கியரை விட்டுவிடாதீர்கள்.