முதல் பட்ஜெட் போட்ட ஆர்.கே.சண்முகம் செட்டியார் பத்தி ஏன் யாருமே பேசறதில்ல?

கேள்வி:
வணக்கங்க, தங்கச்சி டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கறா, அவ கைடுல "சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் யார்"னு ஒரு வரி கேள்வி, பதில் ஆர்.கே.சண்முகம் செட்டி, அவ்ளோதான். நான் பொறந்து வளர்ந்தது கோயமுத்தூர், அவரும் இதே ஊர்க்காரர், ஆனா எனக்கே பேரைத் தவிர ஒண்ணும் தெரியலைங்க. அந்த பட்ஜெட்டுல என்னதான் இருந்துச்சு? ஒரே வருஷத்துல ஏன் பதவிய விட்டார்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1:
நல்ல கேள்விங்க. 1947 நவம்பர் 26-ல போட்டது, முழு வருஷத்துக்குக் கூட இல்ல, ஆகஸ்ட் 15-ல இருந்து அடுத்த மார்ச் 31 வரைக்கும் ஏழரை மாசத்துக்கான கணக்கு. வரவு 171.15 கோடி, செலவு 197.39 கோடி, அதுல ராணுவத்துக்கு மட்டும் 92.74 கோடி, அதாவது கிட்டத்தட்ட பாதி. அந்த நேரத்தை நெனச்சுப் பாருங்க, பஞ்சாப்ல இருந்து அகதிங்க வந்துட்டே இருக்காங்க, காஷ்மீர்ல சண்டை, ரேஷனுக்கு வெளிநாட்டுல இருந்து தானியம் வாங்கணும், நாடு ரெண்டா பிரிஞ்சும் ரூபாய் பிரியல. பாகிஸ்தானுக்கும் 1948 ஜூன் 30 வரைக்கும் நம்ம ரிசர்வ் பேங்க்தான் மத்திய வங்கி, நம்ம நோட்டு மேலயே "பாகிஸ்தான் அரசு"னு இங்கிலீஷ்லயும் உருதுலயும் அச்சடிச்சு அங்க புழக்கத்துல விட்டாங்க. சொத்து, கடன் எது யாருக்குன்னே முடிவாகாத நேரத்துல ஒருத்தர் உக்காந்து வரவு செலவு எழுதிருக்காருன்னா அது சாதாரண வேலை இல்லைங்க, எனக்கு அவர் மேல பெரிய மரியாதை வந்ததே அதைப் படிச்ச பிறகுதான்.

பதில் 2:
மரியாதை சரிதான் நண்பா, ஆனா மறுபக்கத்தையும் சொல்லணும். இவர் காங்கிரஸ்காரர் இல்ல, ஜஸ்டிஸ் கட்சி வழியா வந்தவர், 1932-ல பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகள் வியாபாரம் பத்திப் பேசக் கூடின ஒட்டாவா மாநாட்டுக்குப் போய் பிரிட்டிஷ் சரக்குக்கு சலுகை தர்ற ஒப்பந்தத்தை ஆதரிச்சார்னு ஜனங்களுக்கு கோபம், 1934 தேர்தல்ல தோத்தார். அப்படிப்பட்டவரை நேரு அமைச்சரவையில சேர்த்தாங்கன்னா காரணம் அவரோட அனுபவம்தான். 1944-ல, போருக்கு அப்புறம் உலக நாடுகளோட பண விவகாரத்தை எப்படி நடத்தறதுன்னு பேசக் கூடின பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவுல இருந்தவர், போர்ச்செலவுக்காக பிரிட்டன் நமக்கு தர வேண்டிய நூறு கோடி பவுண்டுக்கு மேலான பாக்கிய எப்படி வாங்கறதுன்னு அங்கயே பேச்சு எழுந்துச்சு. 1948-ல நிதியமைச்சரா லண்டன் போய் அதே பாக்கிக்கு பேரம் பேசுனதும் இவர்தான்.
ராஜினாமா விஷயம்: வரி ஏய்ப்ப விசாரிக்க ஒரு கமிஷன் இருந்துச்சு, அதுக்கு அனுப்பின கேஸ் லிஸ்ட்ல இருந்து சில பேரை எடுத்துட்டாங்கன்னு டெல்லி மத்திய சபைல பெரிய சர்ச்சை, அவர் பொறுப்பேத்துக்கிட்டு 1948 ஆகஸ்ட்ல விலகிட்டார், அடுத்த நிதியமைச்சரா ஜான் மத்தாய் வந்தார். என் கருத்து, அது சின்ன தப்பு இல்ல. புதுசா வந்த அரசாங்கத்துல வரி விஷயத்துல ஜனங்களுக்கு நம்பிக்கை போச்சுன்னா மத்ததெல்லாம் நிக்காது, அதனால அவர் போனது சரிதான்.

பதில் 3:
நான் எர்ணாகுளத்துல வேலை பாக்கறேன். இங்க மரைன் டிரைவ் ஓரமா போற மெயின் ரோட்டுக்குப் பேரே சண்முகம் ரோடு, ஒரு பக்கம் நகைக்கடை, துணிக்கடை, இன்னொரு பக்கம் காயல், சாயங்காலம் போட்டுக்கு ஆள் கூப்பிடற சத்தம். அது நம்ம செட்டியார் பேருதான், 1935-ல இருந்து 1941 வரைக்கும் கொச்சி சமஸ்தானத்துக்கு திவானா இருந்தவர், துறைமுகம் வளர்ந்ததுல அவருக்கும் பங்கு உண்டு. தினமும் அந்த வழியா போற மலையாளி நண்பர்கள்கிட்ட கேட்டா யாருன்னு தெரியல, அது எனக்கு நிஜமாவே வருத்தம். இன்னொண்ணு, கச்சேரில தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேணும்னு எழுந்த தமிழிசை இயக்கத்துல முன்னாடி நின்னவர், அதையும் உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ராஜினாமா பத்தி ரெண்டாவது நண்பர் சொன்னது மனசுல நிக்குது, ஆனா அந்த ஏழரை மாச கணக்க அதுக்காக மறந்துடக் கூடாதுன்னும் தோணுது. மத்திய பட்ஜெட் இணையதளத்துல அந்த 1947 பேச்சே இருக்கு, டவுன்லோட் பண்ணிட்டேன், இன்னைக்கு ராத்திரி தங்கச்சியும் நானும் உக்காந்து படிக்கப் போறோம்.