சதுப்பு நிலத்துக் கொசு: வடிப்பதா, மருந்தா, விட்டுவிடுவதா?

கரையோரன்:
சதுப்பை ஒட்டித்தான் என் வீடு. பொழுது சாய்ந்தால் கதவைத் திறக்க முடியவில்லை. தண்ணீரை வடித்துவிடுங்கள் என்றால் தவளை, பறவை என்று பாடம் எடுக்கிறார்கள். கடி வாங்குவது நாங்கள்தானே?

முக்குளிப்பான்:
பறவையையும் கொசு கடிக்கும், அது கிடக்கட்டும். வடித்துப் பார்த்தவர்கள் கதை தெரியுமா? 1930களில் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரச் சதுப்புகளில் வரிசை வரிசையாக வாய்க்கால் வெட்டினார்கள். கொசு ஒழியவில்லை, நீர்ப்பறவைக்குத்தான் இடம் போனது. அரைகுறையாக வடிந்த இடத்தில் மீன் நுழைய முடியாத குட்டைகள் மிஞ்சும். கொசுவுக்கு அதைவிட நல்ல தொட்டில் ஏது? உங்களைக் கடிப்பது பகலிலா, இரவிலா? பகல் என்றால் பெரும்பாலும் ஏடிஸ் எஜிப்தி, டெங்கு பரப்பும் கொசு. அது உங்கள் வீட்டு வாளியில் வளர்வது, சதுப்பில் அல்ல.

கரையோரன்:
இரவில்தான். வாளியெல்லாம் எப்போதோ கவிழ்த்தாயிற்று ஐயா.

நாணல்:
அப்படியானால் பிடிஐ (Bti) என்ற கொசுப்புழு மருந்தைத் தூவலாம். 1976ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனக் குட்டையில் கிடைத்த பாக்டீரியா. புழு தின்றதும் அதன் காரக் குடலில் நச்சு கரைந்து குடலை ஓட்டை போடும். மீனுக்கும் தவளைக்கும் நேரடியாக ஒன்றும் ஆகாது. இதையும் எதிர்த்தால் அது வெறும் பிடிவாதம்.

முக்குளிப்பான்:
பிடிவாதம்தான். பிரான்சின் கமார்க் ஈரநிலத்தில் அதைத் தெளித்த இடங்களில் கடிக்காத சிறு ஈக்களும் குறைந்தன. அவற்றை ஊட்டிக் குஞ்சு வளர்க்கும் தகைவிலான் குருவிகளுக்குக் குஞ்சுகளும் குறைந்தன. விஷம் கொல்லவில்லை, பட்டினி கொன்றது.

நாணல்:
அங்கே விமானத்தில், பரந்த பரப்பில் தெளித்தார்கள். நான் சொல்வது வீடுகளுக்குப் பக்கத்துக் குட்டைகளில் மட்டும், அதுவும் புழுவை எண்ணிப் பார்த்துவிட்டு. கூட்டுப்புழுவாகிவிட்டால் அது எதையும் தின்னாது, மருந்து வீண். காய்ச்சல் பரவும்போது தகைவிலானைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

முக்குளிப்பான்:
இந்த வரம்போடு என்றால் எனக்குப் பாதி சம்மதம்.

கரையோரன்:
கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் விட்டால்?

முக்குளிப்பான்:
தொட்டியில் விடுங்கள், சதுப்பில் வேண்டவே வேண்டாம். தலைப்பிரட்டையின் வாலைக் கடித்துக் குதறும், மற்ற மீன்களின் முட்டையையும் தின்னும். அங்கே ஆகாயத்தாமரை இருக்கிறதா? மான்சோனியா என்றொரு கொசு உண்டு, அதன் புழு மூச்சுவிட மேலே வராது. அந்தச் செடியின் வேரில் தன் மூச்சுக் குழாயைக் குத்திக் காற்றை உறிஞ்சும். செடியை வாரினாலே அது போய்விடும்.

நாணல்:
வாரின செடி மறுபடி மண்ட எத்தனை நாள் ஆகும்? மாதாமாதம் யார் வாருவது?

கரையோரன்:
அந்தச் செடி இருக்கிறது, ஒரு மூலை முழுக்க. நாளைக்கு நாலு செடியைப் பிடுங்கி, வெள்ளை பேசினில் வேரை உதறிப் பார்க்கிறேன். புழு இல்லையென்றால் வடிகால் பேச்சோடு திரும்ப வருவேன்.