வீட்டில் கண்ணாடி வைத்தவர்களே, என்ன அனுபவம்?

கோவைவாசி:
மாடிப்படிக்கு மரக் கைப்பிடி பழைய காலம், கண்ணாடிதான் வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். 12 மி.மீ. டஃபன்டு, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கிய கண்ணாடி. குடிபோய் எட்டு மாதம். ராத்திரி இரண்டு மணிக்கு டமார். சிலிண்டர்தான் என்று ஓடி வந்தால், ஒரு பலகை முழுக்க கல்கண்டு மாதிரி படியெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை, பூனைகூட இல்லை. கொட்டின பிறகும் துண்டுகள் தாளிக்கிற கடுகு போல படபடவென்று வெடித்துக்கொண்டே இருந்தன, அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. அப்பா இன்றுவரை எதிர்வீட்டுப் பையனைத்தான் சந்தேகப்படுகிறார்.

முற்றத்துவீடு:
எங்களுக்கு முற்றத்தின் மேல் கண்ணாடி. வெளிச்சம் வரும் என்றார்கள், வந்தது, கூடவே திருச்சி வெயிலும். சித்திரையில் அம்மா ஒரு பழைய வேட்டியைக் குறுக்கே கட்டிவிட்டார். ஒன்றரை லட்சம் செலவழித்து வேட்டிக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

பழையசைட்:
கோவைக்காரரே, அந்தப் பையனை விட்டுவிடுங்கள். டஃபன்டு கண்ணாடி தானாகவும் உடையும். உருக்கும்போதே உள்ளே சிக்கிய நிக்கல் சல்ஃபைடு துணுக்கு மெள்ளப் பெருத்து, வருஷம் கழித்துக்கூட வெடிக்க வைக்கும். இல்லையென்றால் கண்ணாடியைப் பிடிக்கிற கிளாம்பை வெறிகொண்டு இறுக்கியிருப்பார்கள். நடுவில் குத்தினால் தாங்குகிற கண்ணாடி, ஓரத்தில் சின்னச் சில்லு பெயர்ந்தால் தாங்காது. மாற்றும்போது லேமினேட்டட் கேளுங்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிவிபி என்கிற பிளாஸ்டிக் படலம் இருக்கும், உடைந்தாலும் கொட்டாமல் ஒட்டிக்கொண்டே நிற்கும். டஃபன்டே போதும் என்றால் ஹீட் சோக், அதாவது ஃபேக்டரியிலேயே சூளையில் வைத்துச் சூடாக்கிப் பார்க்கிற சோதனை, செய்ததா என்று கேளுங்கள், உடையப்போகிற பலகையில் பெரும்பாலானது அங்கேயே உடைந்துவிடும். அப்புறம் அளவு, துளை எல்லாம் முதலிலேயே முடிவாக வேண்டும், டஃபன் ஆன பிறகு ஒரு துளைகூடப் போட முடியாது. முற்றத்துக்காரர் வேட்டியை உள்ளே கட்டிப் பிரயோஜனமில்லை, சூடு உள்ளே வந்தாயிற்றே, வெளியே வலை கட்டுங்கள். என் கதையா? பாத்ரூம் கண்ணாடி முழுக்க போர் தண்ணீர் உப்புக்கறை, அவ்வளவுதான்.

முற்றத்துவீடு:
வலையும் கட்டினோம் சார். குரங்கு கிழித்துவிட்டது.

பால்கனிப்பேரன்:
இவ்வளவு படித்த பிறகு என்னுடையது சின்ன விஷயம்தான். பால்கனிக்குப் போகிற சறுக்குக் கதவு, தரையிலிருந்து சீலிங் வரை ஒரே கண்ணாடி. துடைத்துத் துடைத்து இருப்பதே தெரியாமல் வைத்திருந்தேன். ஊரிலிருந்து வந்த தாத்தா காலையில் குளித்துவிட்டு, சூரியனைக் கும்பிட நேரே நடந்தார். தலையில் வீக்கம், மூக்குக்கண்ணாடி இரண்டு துண்டு. ‘கதவு திறந்திருக்கு என்றல்லவா நினைத்தேன்’ என்று என்னிடமே மன்னிப்பு கேட்கிற மாதிரி சொன்னார். கண்ணாடியில் அவர் நெற்றி உயரத்தில் மூன்று விபூதிக் கோடு, கொஞ்சம் கோணலாக. அவர் ஊருக்குப் போய் ஒரு வாரம் வரை அதைத் துடைக்கவில்லை. இப்போது அதே உயரத்தில் ஒரு கோல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.