நாகர்கோவில் தெருவில் பறவைகளையும் அந்துப்பூச்சிகளையும் பதிவுசெய்வது எப்படி?

கேள்வி: வடசேரியில் எங்கள் வீட்டுக்குச் செம்போத்தும் கூகையும் வருகின்றன, மழைக்காலத்தில் வாசல் விளக்கை அந்துப்பூச்சிகள் மொய்க்கின்றன. பிறருக்கும் பயன்படும்படி இவற்றை எவ்வாறு பதிவுசெய்யலாம்?

பதில் 1: பறவைகளுக்கு, பலரும் தாங்கள் கண்ட பறவைகளைப் பட்டியலிடும் இ-பேர்ட் (eBird) இணையதளம் போதும், ஐயா. மொட்டைமாடியில் 15 நிமிடம் நின்று, கண்டதையும் குரல் கேட்டதையும் காகம் உட்பட எண்ணிக்கையோடு எழுதுங்கள். காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்ட பட்டியலிலிருந்து அவை குறைகின்றனவா என்பதை ஒருபோதும் அறிய முடியாது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் அவசியம் பங்கேற்க வேண்டுகிறேன்.

பதில் 2: அந்துப்பூச்சிகளுக்கு, கொடியில் வெள்ளை வேட்டியை விரித்து விளக்கு வைத்து, இறக்கை முழுதும் தெரியுமாறு மேலிருந்து படமெடுத்து, உயிரினப் படங்களைப் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) இணையதளத்தில் ஏற்றுங்கள். பகலில் செடிகளையும் பாருங்கள்: என் நந்தியாவட்டையில், தலைப்பக்கம் வெள்ளையும் நீலமுமாக இரு கண்புள்ளிகள் கொண்ட பச்சைப் புழுவைக் கண்டேன், அது அரளி அந்துப்பூச்சியின் புழு. விடியுமுன் விளக்கை அணைத்து வேட்டியை மெல்ல உதறிவிடுங்கள், இல்லையேல் கரிச்சான்கள் அவற்றைத் தின்றுவிடும்.

பதில் 3: கூகை கூடு கட்டினால் அதன் சரியான இடத்தைப் பொதுவில் வெளியிடாதீர்கள். 2022இல் ராம்சர் தகுதி (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம்) பெற்ற சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் அருகிலேயே இருப்பதால், மாதம் ஒருமுறை அங்கும் பட்டியலிட்டு உங்கள் தெருவோடு ஒப்பிடுங்கள்.